மீட்டர் தீதி

போர்ட் பிளேரில், ஜங்லிகாட் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்களில் மீட்டர் உண்டு. அது ஓடி நான் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த ஆட்டோக்காரர்களுக்கு அவ்வழியே ஓடிவருகிற அக்காவைக் கண்டால் அத்தனை கொண்டாட்டம். விடியும்போதே டீ கிளாஸும் கையுமாக நின்றுகொண்டு, "ஹடோ, ஹடோ! மீட்டர் தீதி ஆ ரஹீ ஹை! இந்த ஊர்லயே மீட்டர் போட்டு ஓடுற ஒரே வண்டி!" என்று கத்துவார்கள். அவர்களுக்கு அவர் தீதி, எனக்கு அக்கா. அக்கா கோபித்துக்கொண்டதில்லை. ஓடிக்கொண்டே இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார், அவர்களுக்கான பதிலும் அதில்தான் வரப்போகிறது என்பதுபோல.

அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நான் ஓடிவருவேன். என்னை யாரும் கேலி செய்ததில்லை. கேலி செய்கிற அளவுக்குக்கூட என்னை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா மதுரைப் பக்கம். கணவருக்கும் அவருக்கும் அரசு வேலை, மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ். சில வருடங்கள் தீவில் இருந்துவிட்டு மாற்றல் வாங்கி மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். இப்போது எந்த ஊர்ச் சாலையை அளந்துகொண்டிருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. நான் அப்போது இன்னொரு தீவில் இருக்கிற ஹட் பேயிலிருந்து கல்லூரிக்காக வந்து, ஜங்லிகாட்டில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். எங்களுடையது சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் அதன் மறுபக்கம் வந்தவள் நான் ஒருத்திதான். ஓட்டத்திலும் அப்படித்தான். பள்ளியில் இருந்தவரை எனக்கு முன்னால் ஓடுகிறவளின் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. போர்ட் பிளேருக்கு வந்த பிறகு அக்காவின் முதுகு எனக்கு மனப்பாடம் ஆனது. பின்னலை மடித்துக் கட்டியிருப்பார். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அவர் கையில் இருந்ததைக் கைக்கடிகாரம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "இது மணி பாக்குறதுக்கு இல்ல புள்ள" என்பார். தீப்பெட்டி அளவில், கறுப்பாக, பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் வானத்தில் இருக்கிற செயற்கைக்கோளோடு அதற்குப் பேச்சுவார்த்தை உண்டு. எவ்வளவு தூரம் ஓடினோம், என்ன வேகத்தில் ஓடினோம் என்று அந்தந்த நொடியே காட்டும். ஒவ்வொரு கிலோமீட்டர் முடிந்ததும் 'கீச்' என்று கத்தும். கப்பலில் வேலை பார்த்த கொழுந்தன் சிங்கப்பூரில் வாங்கிக்கொண்டு வந்தது. தீவில் அப்போது அதுபோல இன்னொன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஓடத் தொடங்குமுன் அது செயற்கைக்கோளைப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்வரை அக்கா ஓர் அடி நகர மாட்டார். கடற்கரைச் சாலையில் மரமும் கட்டடமும் மறைக்காத இடமாகப் பார்த்து, கையை மேலே நீட்டிக்கொண்டு நிற்பார். வேண்டுதல் என்று நினைத்து ஒரு பெங்காலிக் கிழவர் தினமும் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

"ஒரு மெயில் தொறக்க அரை நாள் ஆகுற ஊருலங்க அக்கா, இது மட்டும் எப்படி வருது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கீழ இருக்குறவன் பாக்குற வேல. இது மேல இருந்து பாக்குறது" என்று சொல்லிச் சிரித்தார். மேலே இருந்து தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. என்னை மேலே இருந்து யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எதையும் அளப்பார். மீன் மார்க்கெட்டிலிருந்து வீடு எவ்வளவு, அலுவலகத்திலிருந்து கப்பல் ஜெட்டி எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முருகன் கோயிலைச் சுற்றும்போதும் அதைக் கழற்ற மாட்டார். தீபாராதனை நேரத்தில் அது கீச்சிட்டு, பூசாரி திரும்பிப் பார்த்து முறைத்திருக்கிறார். ஒருமுறை கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகிற வழியில் பாதித் தூரத்தில் அதன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அக்கா சாலை நடுவில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

"மிச்சத்த ஓடிடலாங்களே அக்கா."

"ஓடி? யாருக்குத் தெரியப்போவுது?"

"ஒங்களுக்குத் தெரியும்ல?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "எனக்கு எப்புடிப் புள்ள தெரியும்?"

அவரைப் பற்றி நினைத்தால் எரிச்சலோடு இந்தக் கேள்விதான் முதலில் ஞாபகம் வரும். நான் ஓடுவது ஒருத்தியைத் தாண்டுவதற்கு. என்னைத் தாண்டியவளின் மூச்சுச் சத்தம் எனக்கு ஒரு வாரம் காதில் கேட்கும். அக்காவுக்குத் தாண்ட யாரும் இல்லை. ஊரில் நடக்கிற ஓட்டப்பந்தயங்களில் நான் ஆரம்பத்திலேயே பாய்ந்து முன்னால் போவேன். அவர் பின்னால் ஒரே சீராக, தையல் மிஷின் மாதிரி வருவார். கடைசி வளைவில் எனக்குக் கால் கனக்கும்போது பக்கத்தில் வருவார், தாண்டுவார், போய்விடுவார். ஒருமுறையாவது என் முகத்தைப் பார்த்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அந்த நேரத்திலும் அவர் கண் மணிக்கட்டில்தான் இருக்கும். முடிந்த பிறகு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "இன்னிக்கு எனக்கு நல்லா வந்துச்சு புள்ள! ஒனக்கு எப்புடி?" என்பார். நான் தோற்றிருக்கிறேன் என்பதே அவருக்குத் தெரியாது.

சித்தப்பா ஸ்கூட்டர் மெக்கானிக். நான் இரண்டாவது பரிசோடு வீட்டுக்கு வந்தால், "அரே, நீ ஓடுற. அவ மீட்டர் ஓடுது. மீட்டர ஜெயிக்க முடியுமா?" என்று சமாதானம் சொல்வார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்தக் காலத்தில் ஒருநாள், ஓடி முடித்துக் கடல் சுவரில் உட்கார்ந்திருந்தபோது, எப்படியோ சுனாமிப் பேச்சு வந்தது. அன்று காலை நிலம் ஆடி நின்றதும் கடல் உள்ளே போனதையும், அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதையும் சொன்னேன். ஜெட்டிப் பக்கம் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து தோட்டத்து மேட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடினோம். அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் ரெண்டு மைல் என்பாள். நானும் ரெண்டு மைல் என்றுதான் சொன்னேன். யார் யார் செத்தார்கள், வீடு என்ன ஆயிற்று, தகர ஷெல்டரில் எத்தனை வருடம் கிடந்தோம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை.

"எங்கேர்ந்து எது வரைக்கும்னு மறுபடி சொல்லு."

சொன்னேன். என் ஓட்டத்தைப் பற்றி, பதிலுக்கும் காத்திருந்து, அவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சில மாதங்கள் கழித்து அவர் அலுவலக வேலையாகக் கப்பலில் ஹட் பே போய்வந்தார். வந்து இறங்கியதும் நேராக சித்தி வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஊரிலிருந்து பலகாரம் கொண்டுவந்த முகம்.

"ஒனக்காகவே காலைல எந்திரிச்சு ஓடிப் பாத்தேன் புள்ள. ஒங்க ஆளுக கிட்டயே எடம் கேட்டுத்தான் ஓடுனேன். அந்தத் தொட்டி இன்னும் இருக்கு. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அம்புட்டுத்தான். ரெண்டு மைலெல்லாம் வராது."

சித்தி அவருக்கு டீ கொடுத்தாள். அவர் டீயைக் குடித்துவிட்டு, கடைசி ஏற்றம் நல்ல ஏற்றம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவர் போனதும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"என்னாத்த கட்டிக்கிட்டு அளந்தாங்களாம்?"

"கையில கட்டுறது. மேலேர்ந்து பாத்துச் சொல்லும்."

"அன்னிக்கு எங்க போயிருந்துச்சாம் அது? அந்தம்மாவ அன்னிக்கு வந்து எங்கூட ஓடச் சொல்லியிருக்கணும். பொறவு சொல்லட்டும், எத்தன மைலுன்னு."

நான் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் 'ரெண்டு மைல்' என்கிற இடத்தில் என் வாய் ஒரு கணம் நிற்கும். நிற்காமல் சொல்ல இன்றும் பழகவில்லை. அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. வெறுக்க அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. வெறுத்துக்கொண்டே மறுநாள் காலையிலும் அவர் பின்னால் ஓடினேன். வேறு யாரும் அந்த ஊரில் என் வேகத்துக்கு இல்லை.

அந்த வருடம்தான் சென்னையில் ஒரு பெரிய ஓட்டப்பந்தயத்துக்குத் தீவிலிருந்து ஒரு பெண்ணை அனுப்புவதாக அறிவித்தார்கள். ஒரே ஒரு பெண். ஊரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்து, முதலாவதாக வருகிறவள் போகலாம். நான் மெயின்லேண்டைப் பார்த்ததில்லை. என் அப்பா அதை ராமேஸ்வரத்தில் இறங்கியபோது ஒரு முகாமுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறார். தீவின் பெயர் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு அங்கே நான் போய் இறங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. அக்கா சென்னைக்குப் பலமுறை போய்வந்தவர். அவருக்கு அங்கே சித்தி பெரியம்மா எல்லோரும் இருந்தார்கள்.

பந்தயத்தை நடத்தியவர் ஒரு பெங்காலி மாஸ்டர். கறாரான மனிதர். முடிவுக்கோட்டில் அவரே நின்று, வருகிற வரிசைப்படி கையில் எண் போட்ட அட்டையைத் திணிப்பார். அந்த டோக்கன்தான் எல்லாம். பாதையைத் தன் ஸ்கூட்டர் மீட்டரை வைத்து அவர் அளந்திருந்தார். அதுதான் வினை.

அன்று நான் என் புத்தியை மாற்றிக்கொண்டேன். முன்னால் பாயவில்லை. அக்காவின் காலடிச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டே ஓடினேன். மைதானத்துக்குள் நுழையும்போது அவர் எனக்கு ஆறேழு அடி முன்னால். என்னிடம் கடைசியாக ஒரு பாய்ச்சல் மிச்சம் இருந்தது. பாய்ந்தேன். போதவில்லை. அவர் கோட்டைத் தாண்டினார். மாஸ்டர் டோக்கனை நீட்டினார்.

அக்கா அதை வாங்கவில்லை. அவரைக் கடந்து ஓடிக்கொண்டே இருந்தார்.

"தீதி! ருகோ! டோக்கன்!"

"ஏக் மினிட் சார்! அபி தஸ் நஹீ ஹுவா!" பத்து இன்னும் ஆகவில்லையாம். பந்தலில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினரையும் தாண்டி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

மாஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றார். அதற்குள் நான் கோட்டுக்கு வந்துவிட்டேன். நீட்டிய கையில் இருந்த முதல் டோக்கன் என் கையில் விழுந்தது. எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வந்து தங்களுடையதை வாங்கிக்கொண்டார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் 'கீச்' கேட்டது. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக நடந்து வந்து, நான்காவது டோக்கனை வாங்கினார்.

"சார், ஒங்க ரூட்டு கம்மி" என்றார்.

"தும் ஃபோர்த்" என்றார் மாஸ்டர்.

ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். "நீயே போயிட்டு வா புள்ள. நான் பத்து ஓடிட்டேன். எனக்கு அது போதும்."

யாராவது என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு உயிராக இருந்த ஒன்றை அவர் பஸ்ஸில் இடம் விடுவதுபோல் விட்டுக்கொடுத்தார். எழுந்துகொண்டவர் விட்டுப்போன சீட்டில் உட்கார்ந்து நான் மெயின்லேண்டு போவதா? டோக்கனை மாஸ்டர் கையில் திருப்பி வைத்தேன்.

"முஜே நஹீ சாஹியே. இவங்கதான் முன்னாடி வந்தாங்க. எங்க ரெண்டு பேரையும் மறுபடி ஓட விடுங்க. அதே ரூட்ல. அதே கோட்டுல."

"தும் தோனோ பாகல் ஹோ" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார், எங்கள் இருவருக்கும் பைத்தியமாம். ஆனால் மற்ற இரண்டு பெண்களும் ஒப்புக்கொண்டதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றேன் அக்காவிடம். "அதக் கழட்டி வெச்சிட்டு ஓடணும்."

அவர் மணிக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டார். "இது இல்லாமயா? எப்புடிப் புள்ள?"

"நான் எப்படி ஓடுறேனோ அப்படி."

இப்போது நினைத்துப் பார்த்தாலும் நான் கேட்டதில் அநியாயம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா அதைக் கழற்றி மாஸ்டரிடம் கொடுத்தார். கட்டியிருந்த இடத்தில் தோல் வெளிறி, குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. அதை மற்றவர்கள் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது போல; தேய்த்துக்கொண்டே நின்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாயிற்று, இனிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் நான் நினைத்தபடிதான் நடந்தது. அக்கா தடுமாறினார். வேகமாகப் போவார், பயந்துபோய்க் குறைப்பார். வெறும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு என் பக்கத்தில் வந்து, ஓட்டத்தின் நடுவில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சரியாப் போறேனா புள்ள?"

எத்தனை காலமாக நான் காத்திருந்த பார்வை. பதில் சொல்லாமல் ஓடினேன்.

கார்பின்ஸ் கோவ் கடற்கரையிலிருந்து திரும்பியபோது கடலிலிருந்து ஒரு மழை வந்தது. தீவு மழை, கேட்டுக்கொண்டு வராது. இரண்டு பேரும் நனைந்தோம். ஏற்றத்தின் உச்சியில் அக்கா ஏதோ சொன்னார், மழையில் கேட்கவில்லை. அங்கிருந்து இறக்கம். அந்த இறக்கத்தில் அவர் போனார். நிதானம் எல்லாம் போய்விட்டது. இரண்டு கைகளும் தளர்ந்து வீசின. பின்னல் அவிழ்ந்து முதுகில் அடித்தது. ஓர் ஆட்டோ அவருக்கு வழிவிட்டு ஓரம் கட்டியது. ஓட்டியவன் கத்த மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் அந்த மீட்டர் அவரைத் தள்ளிக்கொண்டு போவதாக நான் நினைத்திருந்தேன். அது அவரைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. அவிழ்த்து விட்டவள் நான். தீவில் ஒரு பெண் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை, அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி. பார்த்துக்கொண்டே ஓடினேன். தூரம் கூடிக்கொண்டே போனது.

நான் மைதானத்துக்கு வந்தபோது அக்கா மாஸ்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "டைம் கித்னா சார்? எவ்வளவு நேரத்துல வந்தேன்?"

மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நேரம் பார்க்கவே இல்லை. "தும் ஃபர்ஸ்ட், ஓ செகண்ட். பஸ். கதம்." அவ்வளவுதானாம், முடிந்ததாம்.

அக்காவின் முகம் விழுந்தது. மீட்டரைத் திரும்ப வாங்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். "வேஸ்ட்டாப் போச்சு புள்ள இன்னிக்கு ஓடுனது."

சென்னைக்கு அவர்தான் போனார். திரும்பி வந்த மறுநாள் நான் மரைன் ஹில்லுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், யாராவது அவரைத் தோற்கடித்ததை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். பனியனைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். தீவின் பெயர் தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. காப்பி கொடுத்துவிட்டு, அலுவலகக் கம்ப்யூட்டரில் எடுத்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் விரித்தார். அதில் அவர் ஓடிய வேகம் ஒரு கோடாக, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"பாத்தியா, எம்புட்டு சீரா இருக்கு! அங்க ரோடு எல்லாம் நம்ம ஊரு மாதிரி இல்ல, மட்டம். இதுவரைக்கும் நான் ஓடுனதுலயே இதான் நல்ல ஓட்டம்."

அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "எத்தனாவதுங்க அக்கா?" என்று கேட்டேன்.

"எது?"

"எத்தனாவதா வந்தீங்க?"

யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். "சொன்னானுக… ஞாபகம் இல்ல புள்ள. நெறையப் பேரு முன்னாடி போனாளுக."

"யாரு? எந்த ஊருக்காரிங்க?"

"யாரு கண்டா? நான் எங்க பாத்தேன்."

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு மலை இறங்கினேன். நான் போயிருந்தால் கடைசியாகக்கூட வந்திருக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் ஓடிய ஒவ்வொருத்தியின் ரிப்பன் என்ன நிறம், எவள் எந்த வளைவில் என்னைத் தாண்டினாள், தாண்டும்போது எவள் மூச்சு வாங்கினாள், எவள் வாங்கவில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அத்தனை தூரம் போய், அத்தனை பேர் நடுவில் ஓடி, ஒருத்தியையும் பார்க்காமல் வந்துவிட்டாரே பாவி.